ரக்கை மாற்றுவதற்கு முன் ஒயிலைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். முள்ளியவளையில் இருக்கிறீர்கள். 1997ஆம் ஆண்டு கொரோலா 110, பெற்றோல் இயந்திரம், 2 இலட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது. காலையில் எடுத்தவுடன் பவர் ஸ்டியரிங் இறுகுகிறது, கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு இளகுகிறது. சந்தையடியில் நிறுத்தத் திருப்பினால் முனகுகிறது. ஸ்டியரிங் ஒயில் தொட்டியைத் திறந்து பார்த்தால் ஒயில் கறுப்பு. மாதம் ஒரு தடவை கொஞ்சம் ஊற்றவும் வேண்டியிருக்கிறது. காட்டிய கராஜில் ரக்கை, அதாவது ஸ்டியரிங்கின் திருப்பத்தை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பாகத்தை, முழுதாக மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஒயிலை மட்டும் மாற்றினால் சரிவருமா, அதை வீட்டு முற்றத்தில் நீங்களே செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்களே செய்யலாம். சரிவருமா என்பதற்கு ஒயிலை மாற்றி, ஒயிலுக்குள் சிக்கிய காற்றை எடுத்து, இரண்டு கிழமை ஓடிய பிறகுதான் நேர்மையான பதில் சொல்ல முடியும். கறுத்த ஒயிலோடும் காற்றோடும் இருக்கிற ஸ்டியரிங்கைப் பார்த்து ரக் போய்விட்டது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரந்தனில் முப்பது ஆண்டுக்கு மேலாக, இடம்பெயர்ந்து திரிந்த காலம் போக, இந்த வேலையில் இருக்கிறேன். கழற்றி எறியச் சொன்ன ரக்குகளில் பல, இரண்டு லீற்றர் ஒயிலோடும் ஒரு றப்பர் வளையத்தோடும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாமே அப்படித் தப்பும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒழுங்கு முக்கியம்: முதலில் ஒயில் எங்கே போகிறது என்று பார்ப்பது, அடுத்து ஒயிலை மாற்றுவது, கடைசியில்தான் ரக்கைப் பற்றிய பேச்சு.

அந்த ஒரு லீற்றர் ஒயில் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்தால் அதைக் கவனிக்காமல் விட மனம் வராது. டயருக்கு நீங்கள் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிப் பிடிக்கும்போது பவர் ஸ்டியரிங் பம்பில் எழும் அழுத்தம் ஆயிரம் பி.எஸ்.ஐ. அளவுக்குப் போகும். பெல்டில் சுழலும் பம்ப் ஒயிலை அழுத்தி ரக்குக்கு அனுப்புகிறது. நீங்கள் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப ரக்கில் உள்ள வால்வு அதை ஒரு பக்கம் விடுகிறது, அது சில்லைத் தள்ளுகிறது, வேலை முடிந்த ஒயில் மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. பம்புக்கு உயவும் இதுதான், வேறு ஒயில் அதற்குக் கிடையாது. இவ்வளவு வேலையையும் இயந்திரத்தின் வெக்கைக்குள் இருந்துகொண்டு செய்கிறது. இயந்திர ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். இதைப் பலர் கார் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை. பல உற்பத்தியாளர்கள் மாற்றும் காலத்தைக் குறிப்பிடுவதே இல்லை என்பது உண்மைதான். நம்முடைய வெயிலுக்கும் கிரவல் பாதைக்கும் 50,000 கிலோமீற்றர் அல்லது மூன்று ஆண்டு என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

வன்னியில் இந்தக் கவனக்குறைவுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1990களில் பெற்றோல் உள்ளே வராத காலத்தில், ஒரு மூடி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கிடைத்த ஒயிலைக் கிடைத்த இடத்தில் ஊற்றினோம். அது அன்றைய தேவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது எங்கள் கையில் இருந்த ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் கார்களில் பவர் ஸ்டியரிங்கும் இல்லை. ஆனால் "எந்த ஒயிலும் ஒயில்தான்" என்ற அந்தப் பழக்கம் A9 பாதை திறந்து, யப்பான் கார்கள் வந்து, கடைகளில் எல்லா ஒயிலும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வான் என்னிடம் வந்தது. ஸ்டியரிங் ஒயில் குறைந்திருக்கிறது என்று யாரோ பிறேக் ஒயிலை ஊற்றியிருந்தார்கள். பிறேக் ஒயில் வேறு இனம். பவர் ஸ்டியரிங்கின் றப்பர் சீல்கள் அதைத் தாங்காது, ஊறிப் பெருத்துவிடும். அந்தப் பம்பைத் திறந்தபோது சீல் விரலில் பிசுபிசுத்துக்கொண்டு வந்தது. பம்ப், ரக், எல்லாக் குழாய்களும் மாற்ற வேண்டி வந்தது. அரைப் போத்தல் பிறேக் ஒயில் செய்த வேலை அது.

இனி உங்கள் காருக்கு வருவோம்.

காலையில் இறுகுகிறது என்பதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. குளிர் நாடுகளில் ஒயில் தடித்து இப்படி ஆவதுண்டு. நமக்கு மார்கழி விடியலிலும் அப்படிப்பட்ட குளிர் கிடையாது. அதனால் குளிர்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று காரணம் இருக்கலாம்: முன்பு யாரோ தடித்த ஒயில் எதையோ ஊற்றியிருக்கிறார்கள், பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது ரக்கின் வால்வுப் பகுதியில் உள்ள சீல்கள் தேய்ந்து, சூடாகி விரியும்வரை அழுத்தத்தைக் கசிய விடுகின்றன. முதல் இரண்டும் முற்றத்தில் தீரும். மூன்றாவது தீராது. பெல்டை இப்போதே பாருங்கள். உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். திருப்பும்போது கிறீச்சென்று கத்தினால் பெல்ட், ஊ என்று முனகினால் பம்புக்குள் காற்று அல்லது ஒயில் பற்றாக்குறை. முன் டயர்களில் காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் பாரமாகும். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். காற்றை அடித்து அனுப்பிய கார்களும் உண்டு.

ஒயில் எங்கே போகிறது? நம்முடைய ஊர்ப் புழுதி இதில் நமக்கு உதவி செய்கிறது. காரைக் கழுவாமல், ஒரு கிழமை ஓடிய அழுக்கோடு முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த இடத்தில் புழுதி மாவுபோல் படிந்திருக்கும், ஊதினால் பறக்கும். ஒயில் கசியும் இடத்தில் அதே புழுதி களிபோல் ஒட்டி, நகத்தால் சுரண்டினால் கறுத்துச் சுருண்டு வரும். அந்தக் களி தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள், கசிவு அங்கேதான் இருக்கும். கீழே சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம், ஒயில் வழிந்து வந்து எங்கோ சொட்டும். அழுத்தக் குழாயில் இரும்பும் றப்பரும் சேரும் பூண், பம்பின் சுழல்தண்டு, ரக்கின் இரண்டு பக்கமும் உள்ள மடிப்பு றப்பர் உறைகள், இவைதான் வழக்கமான இடங்கள். அந்த உறையைக் கையால் அமுக்குங்கள். உள்ளே சலசலவென்று ஒயில் அசைந்தால் ரக்கின் சீல் கசிகிறது, அதில் சந்தேகம் இல்லை. உறை கிழிந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்துக்குள் ஒரு தடவை ஓடினாலே சேறு உள்ளே போய் ரக்கின் தண்டை அரித்துவிடும், பிறகு எந்தச் சீலும் அங்கே நிற்காது.

கவனம்: இயந்திரம் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. ஊசித் துளை அளவு கசிவிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். மட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

கீழே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் ஒயில் குறைகிறது என்றால் இன்னோர் இடம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்து எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் பலர் வீண் செலவு செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து டொயோட்டா பெற்றோல் கார்கள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் பம்பின் மேல் பித்தளை நிறத்தில் ஒரு சின்ன வால்வு திருகியிருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய றப்பர்க் குழாய்கள் இயந்திரத்தின் காற்றுப் பாதைக்குப் போகும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இயந்திரம் திணறி நின்றுவிடாமல் கொஞ்சம் கூடுதல் காற்றைக் கொடுப்பது அதன் வேலை. அந்த வால்வின் உள்சீல் பழுதானால் இயந்திரம் அந்தக் குழாய் வழியாகப் பவர் ஸ்டியரிங் ஒயிலை உறிஞ்சி எரிக்கும். புகைபோக்கியில் வெள்ளைப் புகை வரும், தொட்டியில் ஒயில் குறையும், தரையில் அடையாளமே இருக்காது.

ஒருவர் இப்படிப்பட்ட கொரோலாவை மாங்குளம் பக்கமிருந்து கொண்டு வந்தார். வெள்ளைப் புகையைப் பார்த்து, இயந்திரத்தை இறக்கி வேலை செய்ய வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். பணத்துக்காக நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார். அந்த மெல்லிய குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன். சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. வால்வு ஒன்றோடு வேலை முடிந்தது. உங்கள் காரிலும் அந்தக் குழாயை இழுத்துப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால் உங்கள் மாதாந்த ஒயில் போகும் வழி அதுதான்.

அடுத்தது எந்த ஒயில். உங்கள் தொட்டியின் மூடியிலோ கார்க் கைநூலிலோ எழுதியிருக்கும். அந்தக் காலத்துக் கொரோலாவுக்கு டெக்ஸ்ரோன் இரண்டு அல்லது மூன்று, அதாவது தன்னியக்கக் கியர்ப்பெட்டிக்குப் போடும் சிவப்பு ஏ.ரி.எஃப். ஒயில். டெக்ஸ்ரோன் மூன்றுக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திவிட்டது. அதனால் இன்று போத்தலில் அந்தத் தரத்துக்கு ஏற்றது என்றுதான் போட்டிருக்கும், அதில் குழப்பம் வேண்டாம். நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சிவப்பு என்பது அதில் கலந்த சாயம், எந்த நிறத்தையும் எதற்கும் கலக்கலாம். போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். மூடி உடைபடாத போத்தலாக 1 லீற்றர் போத்தல்கள் மூன்று வாங்குங்கள். இரண்டு முடியும், ஒன்று மீதி இருக்கட்டும்.

இதை வாசிக்கும் ஹொண்டாக்காரர்கள் ஏ.ரி.எஃப். ஊற்ற வேண்டாம், அந்த நிறுவனத்துக்கென்று தனியான ஸ்டியரிங் ஒயில் இருக்கிறது. சில ஐரோப்பியக் கார்களுக்குப் பச்சை நிறச் செயற்கை ஒயில், அதோடு சிவப்பைக் கலக்கக்கூடாது. விட்ஸ், வாகன் ஆர் போன்றவற்றில் மின்மோட்டார்தான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறது, ஒயிலே கிடையாது. அவற்றில் தொட்டியைத் தேடி அலைய வேண்டாம்.

கசிவை அடைப்பதாகச் சொல்லிச் சிறு போத்தல்களில் விற்கும் மருந்தைப் பற்றியும் கேட்பீர்கள். றப்பரை இளக்கிப் பெருக்க வைப்பதுதான் அதன் வேலை. சில மாதம் நிற்கும், பிறகு றப்பர் அளவுக்கு மீறி இளகும். காரை விற்கப் போகிறவருக்கு அது பிடிக்கலாம். வைத்திருக்கப் போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று 2025 மாசியில்தான் திரும்பத் தொடங்கியது, தொடங்கிய பிறகும் வரியோடு சேர்த்து விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருக்கிற காரைத்தான் இன்னும் பல ஆண்டு ஓட்டப் போகிறோம், அதன் றப்பரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மாற்றும் முறைக்கு வருகிறேன். இரண்டு வழி உண்டு. சுலபமான வழி, தொட்டியில் உள்ளதைப் பெரிய ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஓடித் திரும்பவும் அதையே செய்வது. தொட்டி மொத்த ஒயிலில் நூற்றுக்கு 35 பங்கு பிடிக்கும் என்று வையுங்கள். முதல் தடவைக்குப் பிறகு பழையது 65 பங்கு இருக்கும், இரண்டாவதில் 42, மூன்றாவதில் 27, நான்காவதில் 18, ஐந்தாவதில் 12. ஒயில் கொஞ்சம் மங்கிய அளவில் இருக்கும் காருக்கு இது நல்ல வழி, காற்றும் உள்ளே போகாது. உங்களுடையது கறுத்துவிட்டது. அதற்குத் திரும்பு குழாயைக் கழற்றி முழுதாகக் கழுவுவதுதான் சரி.

இயந்திரம் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். ஒயில் சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிறேக்கை இழுத்து, முன்பக்கத்தை இரண்டு சில்லும் தரையை விடும்வரை தூக்குங்கள். முள்ளியவளை மணலில் ஜக் புதையும், சாயும். அடியில் தடித்த பாலைப் பலகை ஒன்றைப் போடுங்கள். தூக்கிய பிறகு காரின் பாரம் இரும்புத் தாங்கிகளில் இருக்க வேண்டும், அவற்றின் கீழும் பலகை வேண்டும். ஜக்கையோ அடுக்கிய செங்கல்லையோ நம்பிக் காருக்குக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். தாங்கி இல்லாவிட்டால் இரவல் கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

தொட்டியைச் சுற்றியுள்ள புழுதியை முதலில் துடையுங்கள், மூடியைத் திறக்கும்போது ஒரு மணல் பருக்கைகூட உள்ளே போகக்கூடாது. பழைய ஒயிலை ஊசியால் உறிஞ்சி எடுங்கள். அடியில் மெல்லிய வலை வடி இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய யப்பான் கார்களின் தொட்டிகளில் அந்த வலை கசடால் அடைபட்டு, பம்புக்கு ஒயில் போதாமல் முனகும் கதை அடிக்கடி நடப்பது. அடைபட்டிருந்தால் தொட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, முழுதாக உலர விட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

தொட்டிக்கு வரும் குழாய்களில் பருத்தது பம்புக்குப் போவது, மெலிந்தது ரக்கிலிருந்து திரும்பி வருவது. மெலிந்ததன் கிளிப்பைக் குறட்டால் அமுக்கி நகர்த்திக் குழாயை மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். பழைய றப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கிழியும். தொட்டியில் குழாய் இருந்த வாயை றப்பர் மூடியால் அடையுங்கள். கழற்றிய குழாயின் நுனியில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைச் சொருகி, வெறும் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கள். போத்தலை மணலில் பாதி புதைத்து வைத்தால் விழாது.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். இயந்திரத்தை ஓடவிட்டு ஒயிலை வெளியேற்றுகிறார்கள். தொட்டியில் இருப்பது சில விநாடிகளில் காலியாகும், ஊற்றும் கை அதற்கு ஈடுகொடுக்காது, பம்ப் வெறுமையாகச் சுழன்று தேய்ந்துவிடும். நல்ல பம்பை இப்படிக் கெடுத்துவிட்டு, புது ஒயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் இயந்திரத்தை எழுப்பவே வேண்டாம். பியூஸ் பெட்டியில் ஈ.எஃப்.ஐ. என்று எழுதிய பியூஸைக் கழற்றி வையுங்கள், தவறிச் சாவியைத் திருப்பினாலும் இயந்திரம் பிடிக்காது. தொட்டியைப் புது ஒயிலால் நிரப்புங்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு இருக்கையில் இருத்தி, சாவியை ஸ்டியரிங் பூட்டுத் திறக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்க முடிவிலிருந்து மறுபக்க முடிவுவரை ஆறுதலாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் போத்தலுக்குள் ஒயில் விட்டுவிட்டு வரும். தொட்டியில் இறங்க இறங்க நீங்கள் ஊற்றிக்கொண்டே இருங்கள். அது அரைவாசிக்குக் கீழே போகக்கூடாது.

பத்துப் பன்னிரண்டு திருப்பத்துக்குப் பிறகு பம்புக்குள் தங்கியதை வெளியேற்ற, சாவியை முழுதாகத் திருப்பி ஸ்டாட்டரை மூன்று விநாடி மட்டும் சுற்ற விடுங்கள். இயந்திரம் பிடிக்காமல் பம்ப் மெதுவாகச் சுழலும், ஒயில் கட்டுப்பாட்டோடு வரும். நிறுத்தி, ஊற்றி, மறுபடி மூன்று விநாடி. நாலைந்து தடவை போதும், ஸ்டாட்டருக்கும் பற்றரிக்கும் இடையிடையே ஓய்வு கொடுங்கள்.

பிளாஸ்ரிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் வருவது வெறுந்தேநீர்ச் சாயத்தையும் தாண்டிய கறுப்பு. அடுத்தது நாவற்பழச் சாறு. கொஞ்ச நேரம் கறுப்பும் சிவப்பும் கோடுகோடாகப் பின்னிக்கொண்டு வரும், ரக்கின் மூலைகளில் கிடந்த பழையது அப்போதுதான் அசைகிறது. கடைசியில் மாதுளம்பழச் சாறுபோல் வெளிச்சம் ஊடுருவும் சிவப்பு வரும். அதோடு நிறுத்தலாம். வெளியே வந்த ஒயிலை உடனே கொட்டாதீர்கள். பழைய வானொலியின் காந்தம் ஒன்றைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றிப் போத்தலின் அடியில் சிறிது நேரம் ஒட்டி வையுங்கள். சாம்பல் நிறப் பசைபோல் மெல்லியதாகச் சேர்ந்தால் அது வயதின் தேய்மானம், பயமில்லை. வெயிலில் பிடிக்கும்போது மினுங்கும் செதில்கள் தெரிந்தால் பம்ப் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. ஒயில் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, எங்கே போனது என்று தேட வேண்டும்.

திரும்பு குழாயைப் பூட்டுங்கள். பழைய கிளிப் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். தொட்டியில் குளிர் நிலைக் கோடுவரை ஒயிலை நிரப்பி, சில்லுகள் தூக்கிய நிலையிலேயே, இயந்திரத்தை எழுப்பாமல், இருபது தடவை முடிவிலிருந்து முடிவுவரை திருப்புங்கள். குமிழிகள் மேலே வந்து வெடிக்கும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு ஈ.எஃப்.ஐ. பியூஸைப் போட்டு இயந்திரத்தை எழுப்புங்கள். கணினியின் நினைவு அழிந்திருப்பதால் முதல் சில நிமிடம் இயந்திரம் கொஞ்சம் ஏறி இறங்கலாம், தானாகச் சரிவரும். ஐடிலில் ஓடவிட்டு, மறுபடி ஆறுதலாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். எந்தப் பக்க முடிவிலும் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். முன்பு சொன்ன ஆயிரம் பி.எஸ்.ஐ. எழுவது அங்கேதான், ஒயில் அந்த இடத்தில் மிகவும் சூடாகும். இதை ஓட்டும்போதும் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

உள்ளே காற்று மிஞ்சியிருக்கிறதா என்று அறிய டொயோட்டா நூல்களில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. காரை இறக்கிச் சூடாக்கிய பிறகு, இயந்திரம் ஓடும்போது தொட்டியின் மட்டத்தை அடையாளம் வையுங்கள். இயந்திரத்தை நிறுத்துங்கள். மட்டம் ஏறும். 5 மில்லிமீற்றருக்குள் ஏறினால் சரி. அதற்கு மேல் ஏறினால், அல்லது ஒயில் நுரைத்து மங்கலாகத் தெரிந்தால், காற்று இன்னும் இருக்கிறது. ஒரு மணி நேரம் சும்மா விட்டு, நுரை அடங்கிய பிறகு திருப்பும் வேலையை மீண்டும் செய்யுங்கள். எத்தனை தடவை செய்தும் நுரை வந்துகொண்டே இருந்தால் காற்று புதிதாக நுழைகிறது என்று பொருள். தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் பருத்த குழாயின் கிளிப்பும், அது பம்பில் சேரும் இடத்து ஓ வளையமும்தான் அதற்கு வழி. அந்தப் பக்கம் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அதனால் ஒயில் வெளியே கசியாமல் காற்று மட்டும் உள்ளே போகும். கண்ணுக்கு அகப்படாத பழுது, விலை மிகக் குறைந்த பழுது. நான் முதலில் சொன்ன றப்பர் வளையம் இதுதான்.

முனகல் பெரும்பாலும் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். காலை இறுக்கம் முதல் ஒரு கிழமை குறைந்து, பிறகு மீண்டும் மெல்ல வந்தால், ரக்கின் வால்வுச் சீல்கள் தேய்ந்திருக்கின்றன. உறைக்குள் ஒயில் சலசலத்தாலும் அப்படித்தான். அப்போது ரக்குக்குச் செலவழிப்பது நியாயம். அதிலும் முதலில் சீல் தொகுதி போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள், தண்டு துரு ஏறிக் குழிவிழாமல் இருந்தால் அது பல ஆண்டு நிற்கும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கசடு அடைத்துக்கொண்டிருந்த பழைய சீல், புது ஒயில் அந்தக் கசடைக் கரைத்த பிறகு கசியத் தொடங்கலாம். அது புது ஒயிலின் குற்றமல்ல, சீல் முன்பே போய்விட்டது, கசடு அதை மறைத்திருந்தது. முதல் மாதம் கிழமைக்கு ஒரு தடவை மட்டத்தைப் பாருங்கள்.

கழிவு ஒயிலை முற்றத்து மணலில் ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் மணல் தண்ணீரைப்போலவே ஒயிலையும் கீழே விடும், நாம் குடிப்பது அதே மண்ணின் கிணற்றை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து அந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனதை எல்லோரும் பார்த்தோம். கறையானுக்கு என்று வேலித் தூணில் பூசும் வழக்கமும் இருக்கிறது, கிணற்றடிப் பக்கம் அதுவும் வேண்டாம். அதே போத்தல்களில் ஊற்றி மூடி, கழிவு ஒயில் பீப்பாய் வைத்திருக்கும் கராஜில் கொடுங்கள். நாங்கள் வாங்கிக்கொள்வோம்.

வேலை முடிந்ததும் மூன்று விடயம் எனக்கு எழுதுங்கள்: அந்த மெல்லிய காற்றுக் குழாய் காய்ந்திருந்ததா ஈரமாக இருந்ததா, காந்தத்தில் பசை வந்ததா செதில் வந்ததா, இயந்திரத்தை நிறுத்தியபோது மட்டம் எத்தனை மில்லிமீற்றர் ஏறியது. அவற்றை வைத்து ரக்கைக் கழற்றலாமா வேண்டாமா என்று பேசுவோம். அதுவரை அந்தக் கராஜுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.